சட்டமூலம் வந்த பிறகு ஓடாதீர்கள்: மட்டக்களப்பிலிருந்து எதிர்ப்பைப் பதிவு செய்யும் வழி

பதிவுத் தபால் துண்டு ஒன்று இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எங்கள் வாசிகசாலைச் சங்கம் 2017இல், தேர்தல் தொகுதிகளுக்குக் கோடு போடும் எல்லை நிர்ணயக் குழுவுக்குக் கடிதம் அனுப்பியதற்கு அது சாட்சி. காலம் கடந்து அனுப்பியதற்கும் அதே துண்டுதான் சாட்சி. அரசு கொண்டுவரும் தேர்தல் மாற்றமோ வேறு அரசியல் மாற்றமோ பிடிக்கவில்லை என்றால் எங்கே, எப்போது, எந்தத் தாளோடு போக வேண்டும் என்று அன்று சொல்லித்தர ஆளில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்துகொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன். அம்பாறை மாவட்டத்துக்காரருக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. முதலில், விஷயம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

‘அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திட்டுதாம்’ என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டதும் கொதிக்க வேண்டாம். அது அமைச்சரவைத் தீர்மானமா, வர்த்தமானியில் வந்த சட்டமூலமா, நாடாளுமன்றத்தின் அன்றைய வேலைப் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிவிட்டதா, நிறைவேறிச் சபாநாயகர் கையெழுத்தும் வைத்துவிட்டாரா? ஒவ்வொரு படிக்கும் வாசல் வேறு. வர்த்தமானியில் வந்து குறைந்தது ஏழு நாள் கழிந்துதான் சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏற முடியும். உங்களுக்குக் கையில் கிடைக்கும் நிம்மதியான காலம் அந்த இடைவெளி மட்டும்தான். அப்புறம் எல்லாம் நாள்கணக்கு.

திகதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். பிறந்தநாள் வாழ்த்துகளுக்குள் அது காணாமற்போய்விட்டது.

2. தமிழ் வர்த்தமானியை எடுத்து நீங்களே வாசியுங்கள்

சட்டமூலங்கள் மூன்று மொழியிலும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் நாடாளுமன்ற இணையத்தளத்திலும் கிடைக்கும். இறக்கிக்கொள்ளக் காசில்லை, அச்செடுக்கும் செலவு மட்டும்தான். சங்கத்துக்கு இரண்டு பிரதி போதும். ஒன்று வாசிக்க, மற்றது கோடு போட.

கடைசிப் பக்கத்தை மறக்காமல் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு வாசகம் அனேகமாக இருக்கும். ஆகவே நீங்கள் எதிர்க்கும் இரண்டு மூன்று வாசகங்களையாவது சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அதைச் செய்து தந்தவர் தொழிலுக்காகச் சிங்களம் பழகிய லொறிச் சாரதி ஒருவர். பாடசாலை வாத்தியாரைவிட அவர்தான் தெளிவாகச் சொன்னார்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. வர்த்தமானியில் வாசித்ததுதான் சட்டமாகும் என்று நம்பியிருக்கக் கூடாது. மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் 2017இல் வெளிவந்தபோது அது பெண் வேட்பாளர்களுக்கான இடஒதுக்கீட்டைப் பற்றியது. செப்டம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் (சட்டமூலத்தை வாசகம் வாசகமாக எடுத்துத் திருத்தும் கட்டத்தில்) திருத்தம் மேல் திருத்தமாகச் சேர்த்து, முடியும்போது தேர்தல் முறையே பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று மாறியிருந்தது. நீதிமன்றம் போவதற்கான தவணை அதற்கு முன்பே போய்விட்டது. அந்த மாற்றத்துக்காகப் போட்ட எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றமே 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி தோற்கடித்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30உடன் முடிந்தது. புதிய முறையும் இல்லை, பழைய முறையில் நடத்தவும் வழியில்லை என்று தேர்தல் தொங்கிப்போனது. ஆகவே விவாத நாளிலும் ஒருவர் குழுநிலைத் திருத்தங்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் உதவாது, உங்கள் எம்.பி.யின் தொலைபேசி உதவலாம்.

3. உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா?

இது சின்ன வேலை. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் தெரியும், இல்லையென்றால் கிராம சேவகரிடம் கேளுங்கள். மனுவில் ‘இத்தொகுதியின் வாக்காளர்களாகிய நாங்கள்’ என்று எழுதிவிட்டு, முதல் ஐந்து பேரில் இரண்டு பேரின் பெயர் இடாப்பில் இல்லாமல் இருந்தால் வெட்கக்கேடு. வெளிநாடு போய் வந்தவர்களும் கலியாணம் கட்டி ஊர் மாறியவர்களும் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

4. தகவல் கோரிக்கையை முன்கூட்டியே போடுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். கோரிக்கை போட கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளே போதும். பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், அமைச்சு எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். (மட்டக்களப்புக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், திராய்மடுவுக்குப் போய்விட்டது. பழைய நினைப்பில் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் போய் நின்றுவிடாதீர்கள். நான் நின்றேன்.)

தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, போயா, பொங்கல் எல்லாம் கழித்தால் ஏறக்குறைய மூன்று வாரம். மறுத்தாலோ பதிலே இல்லையென்றாலோ, 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கூட்டிப் பார்த்தால் மாதங்கள் ஓடிவிடும். சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பிறகு தகவல் கோரிக்கை போடுவது, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு வரம்பு கட்டுவது மாதிரி.

என்ன கேட்பது? ‘எல்லாத் தகவலும் தருக’ என்று எழுதினால் எதுவும் வராது. ‘எமது பிரதேச செயலகப் பிரிவின் கிராம சேவகர் பிரிவுகளின் பெயர், இலக்கம், சனத்தொகை, எல்லை வரைபடம்’ என்று உருப்படி உருப்படியாகக் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைத் துண்டு வாங்காமல் படி இறங்க வேண்டாம்.

5. கருத்துக் கேட்கும் குழுவுக்கு எழுதுவது எப்படி

எல்லை நிர்ணயக் குழு, நாடாளுமன்றத் தெரிவுக்குழு, நிபுணர் குழு என்று எது வந்தாலும் பொதுமக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வரும். தவணை பெரும்பாலும் சில வாரங்கள். செலவு மிகக் குறைந்த வாசலும் இதுதான், நம் ஆட்கள் அதிகம் தவறவிடும் வாசலும் இதுதான். சத்தமில்லாமல் திறந்து சத்தமில்லாமல் மூடிவிடும்.

முன்னாள் நில அளவையாளர் நாயகம் கே. தவலிங்கம் தலைமையிலான குழு 2017இல் மாகாண சபைத் தொகுதிகளை வரையத் தொடங்கியபோது, நாங்கள் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினோம். தமிழரின் வரலாறு, போர், சுனாமி, வறுமை எல்லாம் அதில் இருந்தது. அனுப்பும் முன் ஓய்வுபெற்ற கிராம சேவகர் ஒருவரிடம் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “மனே, கடிதம் வாசிக்க நல்லாத்தான் கிடக்கு. ஆனா எங்கட ஊர் எங்க கிடக்கெண்டு கொழும்பில இருக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?”

நான்கு பக்கத்திலும் ஒரு கிராம சேவகர் பிரிவின் இலக்கம்கூட இல்லை. வரைபடம் இல்லை. எங்கே கோடு போட வேண்டும் என்ற வரியும் இல்லை. எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துத் திருப்பி எழுத ஒன்பது நாள் போனது. தவணை அதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது நாங்கள் எழுதும் கடிதம் ஒரு பக்கம்தான். முதல் பந்தியில் நாங்கள் யார், எத்தனை குடும்பம். இரண்டாவதில் எதை எதிர்க்கிறோம், எந்த வாசகம், எந்தப் பிரிவு, இலக்கத்தோடு. மூன்றாவதில் காரணம், கையால் தொட்டுக் காட்டக்கூடிய காரணம். உதாரணமாக, ‘எமது மக்கள் புறக்கணிக்கப்படுவர்’ என்பது காற்றோடு போகும். ‘இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் உள்ள தாம்போதிக்கு (தாழ்வான பாலத்துக்கு) மேலால் மாரியில் தண்ணீர் ஓடும், அந்தக் கிழமைகளில் அக்கரையில் உள்ள வாக்களிப்பு நிலையத்துக்கு இக்கரை ஆள் போக முடியாது’ என்று எழுதி, படமும் திகதியும் வைத்தால் அதைத் தாண்டிப் போவது கடினம். நான்காவதில் உங்கள் மாற்று யோசனை. ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து எந்தக் குழுவாலும் கோடு வரைய முடியாது.

இணைப்புகள்: வரைபடப் பிரதி, பிரிவுகளின் சனத்தொகைப் பட்டியல், சங்கத்தின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, கூட்டத் தீர்மானத்தின் பிரதி. பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கொக்கட்டிச்சோலையில் இருந்து கொழும்புக்குத் தபால் போக இரண்டு நாள் என்று கணக்கு வைக்க வேண்டாம். ஐந்து நாள் வையுங்கள். மாரிகாலம் என்றால் ஒரு வாரம்.

6. கையொப்பம் வாங்கும்போது

வீடு வீடாகப் போனால் முதல் கேள்வி, “இது அஸ்வெசுமவுக்கா?” (அரசின் நலன்புரிக் கொடுப்பனவுக்கா) என்பதுதான். ஆமாம் என்று தலையாட்டினால் ஒரு பின்னேரத்தில் ஐம்பது கையொப்பம் சேரும், நாளைக்கு ஐம்பது சண்டையும் வரும். இல்லை என்று சொல்லி, இரண்டு நிமிஷம் விளக்கி, வாங்குங்கள். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை.

- ஒவ்வொரு தாளின் மேலும் கோரிக்கையை முழுசாக அச்சடியுங்கள். வெறும் கட்டமிட்ட தாளில் வாங்கிய கையொப்பம் எதற்கும் ஒட்டும் என்று யாராவது சொன்னால் உங்களிடம் பதில் இராது.
- அடையாள அட்டை இலக்கத்தைத் திறந்த தாளில் எல்லோரும் பார்க்க எழுத வேண்டாம். பெயர், ஊர், கையொப்பம் போதும்.
- பெருவிரல் அடையாளம் வைப்பவருக்கு வாசித்துக் காட்டியவர் யார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.
- அரச உத்தியோகத்தர்களை வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு வேலை சம்பந்தமான கட்டுப்பாடுகள் உண்டு. பின்னால் நின்று தாள் அடுக்கித் தந்தாலே பெரிய உதவி.
- தமிழ் ஊரோடு நிற்க வேண்டாம். தொகுதி முறை மாறினால் காத்தான்குடிக்காரருக்கும் ஏறாவூர்க்காரருக்கும் அதே தலையிடிதான். எங்கள் இரண்டாவது முயற்சியில் பக்கத்து முஸ்லிம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனோம். அவர்கள் எங்களைவிட நன்றாகச் சட்டமூலத்தை வாசித்து வைத்திருந்தார்கள்!

7. எம்.பி.யும் பொதுமனுவும்

நாடாளுமன்றத்துக்குப் பொதுமனு கொடுப்பதென்றால் எம்.பி. ஒருவர் மூலம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பொதுமனுக் குழு பெரும்பாலும் தனிமனிதருக்கு நடந்த அநீதிகளைப் பார்க்கும் இடம். நஷ்டஈடு, ஓய்வூதியம், காணி மாதிரி. சட்டமூலத்தை நிறுத்த அதை நம்பியிருக்காதீர்கள். எம்.பி.யிடம் வேறு வேலை கேளுங்கள்: குழுநிலையில் இந்த வாசகத்துக்கு இந்தத் திருத்தத்தைக் கொண்டுவருவீர்களா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து பேர், திகாமடுல்லை என்ற அம்பாறைத் தேர்தல் மாவட்டத்துக்கு ஏழு பேர் தெரிவாகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். உங்கள் கட்சிக்காரருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் தப்பிவிடுவார்.

8. உயர் நீதிமன்றம்: நாட்கள் எண்ணும் இடம்

சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்தப் பிரசையும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வசதி, படிப்பு, கட்சி எதுவும் தேவையில்லை. ஆனால் தவணை சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும் நாளிலிருந்து எண்ணப்படும், மிகக் குறுகியது. ஒரு வாரத்துக்குள் முடிப்பது என்று திட்டமிடுங்கள். அதற்கு மேல் கிடைக்கும் நாள் இலாபம் என்று வையுங்கள். மனுவின் பிரதி அதே நேரத்தில் சபாநாயகருக்கும் போய்ச் சேர வேண்டும். இதை மறந்து தடுமாறியவர்கள் உண்டு.

மனு போட்டதும் நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அதுவரை நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டமூலம் அசையாது. தீர்ப்பு மூன்று விதமாக வரலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். 225இல் 150 பேர் வேண்டும். 150 பேரோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அரசுக்குத் தலைவலி. உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

செலவைப் பற்றி: எங்கள் அனுபவத்தில் பெரிய உருப்படி சட்டத்தரணிதான். மனு வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதப்படும், வாதம் கொழும்புப் புதுக்கடையில் நடக்கும். பொதுநல வழக்கென்று கட்டணம் வாங்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை ஐந்தாவது நாள் இரவு எழுப்பிக் கேட்கக் கூடாது. வர்த்தமானி வந்த கிழமையே பேசி வையுங்கள், எழுத்துச் செலவு, பிரதிச் செலவு யார் கொடுப்பது என்பதையும் அப்போதே கேளுங்கள். கொழும்புக்கு ரயிலில் ஏறிப் போவதென்றால் ஒரு பகலோ இரவோ முழுசாகப் போகும், திரும்பவும் அதே அளவு. போகிறவருக்கு நாட்கூலி நின்றுபோகும். சங்கம் அதையும் செலவில் சேர்க்க வேண்டும். எங்கள் சங்கம் முதல் தடவை சேர்க்கவில்லை. போன ஆள் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

சொந்தமாக மனுப் போட முடியாவிட்டாலும் வழி இருக்கிறது. வேறு யாராவது போட்டிருந்தால் இடையீட்டு மனுவாகச் சேரலாமா என்று அவர்களுடைய சட்டத்தரணியிடம் கேளுங்கள். உங்களிடம் உள்ள கிராம சேவகர் பிரிவுப் பட்டியலும் தாம்போதிப் படமும் அவர்களிடம் இராது.

ஒன்றை மட்டும் தலைக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள்: சபாநாயகர் சான்றுரை கையெழுத்திட்ட பிறகு அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராக 2023 ஒக்டோபரில் நாற்பதுக்கு மேற்பட்ட மனுக்கள் போயின. பல வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24இல் அது நிறைவேறியது, பெப்ரவரி 1இல் சபாநாயகர் கையெழுத்திட்டார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்று பிறகு போன மனு ஏற்கப்படவில்லை.

9. சட்டம் இல்லை, நிர்வாகம் தடுக்கிறது என்றால்

தேர்தலைத் தள்ளிப்போடுவது, பணம் விடாமல் வைத்திருப்பது போன்றவை நிர்வாகச் செயல்கள். அதற்கு அடிப்படை உரிமை மீறல் மனு, 126ஆம் உறுப்புரை. தவணை ஒரு மாதம். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டதில் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் சொன்னது; 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. மெதுவான பாதைதான், ஆனால் பாதை.

கொழும்புக்குப் போக வசதியில்லாதவருக்கு மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டிருந்தால், அந்த விசாரணை நடக்கும் காலம் நீதிமன்றத் தவணையில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்ற மனுவுக்குச் சத்தியக் கடதாசி (சொல்வது உண்மை என்று சத்தியம் செய்த தாள்) வேண்டும்; அதைச் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திடலாம்.

10. வீதிக்கு இறங்குவதென்றால்

மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் கூடி நிற்பதற்கும் ஊர்வலம் போவதற்கும் வித்தியாசம் உண்டு. ஊர்வலம் என்றால் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முன் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி. நான் சொல்வது, ஆறு மணித்தியாலம் அல்ல, இரண்டு நாளுக்கு முன் கொடுங்கள். பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலிலும் ஒன்று போடுங்கள்.

பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் தடையுத்தரவு எடுத்துக்கொண்டு முதல் நாள் இரவு வீட்டுக்கு வருவது கிழக்கில் புதிதல்ல. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டிக்குப் பேரணி போனபோதும் பல இடத்தில் இப்படி உத்தரவுகள் எடுத்தார்கள். உத்தரவைக் கொண்டுவந்தால் வாங்கி வாசியுங்கள்: யாருடைய பெயர், எந்த இடம், எத்தனை நாள். பெயர் இல்லாதவர்களையும் சில நேரம் ‘நீயும்தான்’ என்று மிரட்டுவார்கள். தொலைபேசியில் படம் எடுத்து உடனே உள்ளூர் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். அவருடைய இலக்கத்தைத் தாளிலும் எழுதி வையுங்கள். தொலைபேசியைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்கள் சங்கக் கோவையில் இப்போது எப்போதும் இருப்பவை: கிராம சேவகர் பிரிவுகளின் பட்டியலும் வரைபடமும், கோரிக்கை அச்சடித்த வெற்றுக் கையொப்பத் தாள் இருபது, சங்கப் பதிவுப் பிரதி மூன்று, சமாதான நீதவான் இருவரின் தொலைபேசி இலக்கம், பதிவுத் தபாலுக்கும் போட்டோகொப்பிக்கும் என்று ஒதுக்கிய ஐயாயிரம் ரூபா. எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம். கீழ்த்தட்டில் வைத்ததைப் போன மாரியில் வெள்ளம் நனைத்துவிட்டது.